ஓர் இலையுதிர்காலத்தை விலைக்கு வாங்கியவர்



நான் தினமும் கல்லூரிக்குப் போகிற பேருந்து ஒரு புளியமரச் சாலை வழியாகத்தான் போகும். போன மாதம் ஒருநாள் பார்த்தால், எல்லா மரத்திலும் பட்டையைச் செதுக்கி வெள்ளைப் பெயின்ட்டில் எண் போட்டிருந்தார்கள். சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம், மரங்களை ஏலம் விடப் போகிறார்களாம். "ஒரு மரம் என்னடா விலைக்குப் போகும்?" என்று கேட்டான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன். பி.காம். படிக்கிறவர்கள் இல்லையா, எங்கள் வாயில் முதலில் விலைதான் வரும் :-) விறகுக்கு இவ்வளவு, வெட்டுக்கூலி இவ்வளவு, லாரி வாடகை இவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டே கல்லூரி வந்து சேர்ந்தோம்.

அதே வாரம் நூலகத்தில் ஓவிய வரலாற்றுப் புத்தகம் ஒன்றைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது, இதே மாதிரி ஏலத்துக்கு வந்த இன்னொரு மரவரிசையின் கதை கண்ணில் பட்டது. நடந்தது 1891-ல், பிரான்சில். அந்த ஏலத்தில் மரம் வேண்டாதவர் ஒருவர் பணம் போட்டார். அவருக்கு வேண்டியது மரத்தின் மேல் விழும் வெயில். அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் அறிவியல், கடைசியில் கொஞ்சம் கணக்குப் பதிவியலும் வரும், பயப்படாதீர்கள்!

காலை வெயிலில் பெயர் வாங்கியவர்கள்

அவர் பெயர் க்ளாட் மோனே. 1840-ல் பாரிஸில் பிறந்தவர், துறைமுக ஊரான லெ ஹாவ்ரில் வளர்ந்தவர். 1872-ல் அதே துறைமுகத்தில் சூரியன் உதிப்பதை ஒரு படமாக வரைந்தார். புகைமூட்டம், கலங்கலான நீலம், நடுவில் ஓர் ஆரஞ்சு வட்டம், அவ்வளவுதான். 'மனப்பதிவு, சூரியோதயம்' என்று தலைப்பு வைத்து, 1874-ல் நண்பர்களோடு சேர்ந்து நடத்திய கண்காட்சியில் மாட்டினார். லூயி லெருவா என்ற பத்திரிகை விமர்சகர் அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, 'மனப்பதிவுக்காரர்கள்' என்று அந்தக் கூட்டத்தையே கிண்டல் செய்து எழுதினார். கிண்டலுக்கு வைத்த பெயரே நிலைத்துவிட்டது. இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று இன்று உலகம் முழுவதும் சொல்கிறோமே, அந்தப் பெயர் ஒரு காலை வெயில் படத்திலிருந்து வந்ததுதான்.

பெயர் வந்ததே தவிர பணம் வரவில்லை. இளமைக் காலம் முழுவதும் கடன் கேட்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுதியே கழித்தவர் மோனே. முதல் மனைவி கமீல் 1879-ல், 32 வயதில் இறந்துபோனார். 1883-ல் ஸீன் நதிக்கரைக் கிராமமான ழிவெர்னியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். பால் துராண்ட்-ருயெல் என்ற படவியாபாரி 1886-ல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சி வைத்து அமெரிக்கச் சந்தையைத் திறந்துவிட்ட பிறகுதான் நிலைமை மாறியது. 1890-ல் அந்த வாடகை வீட்டையே 22,000 பிராங்குக்கு மோனே விலைக்கு வாங்கினார். அப்போது அவருக்கு வயது 50. இந்தப் பண விவரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டு கான்வாஸ் போதும் என்று நினைத்தவர்

அந்த ஆண்டுதான் வீட்டுக்கு அருகே வயலில் நின்ற போர்களை ஒரு வரிசைப் படங்களாக வரைய ஆரம்பித்தார். வைக்கோல் போர் என்று சொல்வது வழக்கம். உண்மையில் அவை கதிர் அடிக்காமல் அடுக்கி வைத்த கோதுமைக் கட்டுகள். வெயிலுக்கு ஒன்று, மேகமூட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு கான்வாஸ் போதும் என்றுதான் முதலில் நினைத்தாராம். ஆனால் வரைந்துகொண்டிருக்கும்போதே வெளிச்சம் மாறிக்கொண்டே போனது. உடன் வந்திருந்த மகள் முறைப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பி இன்னொரு கான்வாஸ் எடுத்துவரச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மறுபடி இன்னொன்று. மறுபடி இன்னொன்று! ஒரு வெளிச்சத்துக்கு ஒரு கான்வாஸ். அந்த வெளிச்சம் போனால் அந்தக் கான்வாஸை மூடிவைத்துவிட வேண்டும். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி எடுக்க வேண்டும். இந்த முறை அங்கேதான் உறுதிப்பட்டது.

அப்படி வரைந்த போர்களில் 15 படங்கள் 1891 மே மாதம் துராண்ட்-ருயெலின் பாரிஸ் கடையில் மாட்டப்பட்டன. நல்ல வரவேற்பு. அந்த உற்சாகத்தோடு மோனே அடுத்த விஷயத்தைத் தேடிப் போனார்.

ஏலத்துக்கு வந்த மரங்கள்

ழிவெர்னிக்குப் பக்கத்தில் எப்ட் என்று ஒரு சிறிய ஆறு ஓடுகிறது. அதன் கரையில், லிமெட்ஸ் என்ற கிராமத்தின் எல்லைக்குள், பாப்லர் மரங்கள் வரிசையாக நின்றன. பாப்லர் பார்த்திராதவர்கள் நம்மூர் நெட்டிலிங்க மரத்தை நினைத்துக்கொள்ளலாம். வேறு இனம்தான், ஆனால் அதே மாதிரி ஒல்லியாக வானத்துக்கு எழும்பி நிற்கும். வேகமாக வளரும் என்பதால் கரையோரமாக நட்டு வளர்த்து, பருத்ததும் வெட்டி விற்பது அங்கே வழக்கம். அதற்கு இன்னொரு பெருமையும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் 'சுதந்திர மரம்' என்று ஊர் ஊராக நட்டார்களே, அதற்குப் பாப்லரையும் எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் அந்த மரத்தின் பெயரும் 'மக்கள்' என்ற சொல்லும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும் என்பது ஒரு காரணம்.

மோனே ஒரு தட்டையான படகை ஆற்றில் நிறுத்தி, அதையே பட்டறையாக்கிக்கொண்டார். பல கான்வாஸ்களைச் செருகி வைக்க அதில் பள்ளங்கள் வெட்டியிருந்தன. நீர்மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் மரங்கள் இன்னும் உயரமாகத் தெரியும், கீழே தண்ணீரில் அவற்றின் பிம்பமும் சேர்ந்து விழும். 1891 வசந்தத்தின் பிற்பகுதியில் வேலை தொடங்கியது.

பாதியில் இடி விழுந்தது. மரங்கள் லிமெட்ஸ் ஊராட்சிக்குச் சொந்தம். மரம் முற்றிவிட்டது, ஆகஸ்டில் ஏலம் விடப்போகிறோம் என்று ஊராட்சி அறிவித்துவிட்டது. மோனே மேயரிடம் போய்க் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார் மேயர்.

இதில் மேயரை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. ஊர்ப்பணத்தில் நட்டு, பல வருஷம் காத்திருந்த மரம். யாரோ ஓர் ஓவியருக்குப் படம் முடியவில்லை என்பதற்காக ஊரின் வருமானத்தைத் தள்ளிப்போடு என்றால், உங்கள் ஊரில் ஒப்புக்கொள்வார்களா?

மோனே அடுத்துச் செய்த வேலைதான் என்னைப் புத்தகத்தை மூடவிடாமல் பிடித்து உட்காரவைத்தது. பின்னாளில் அவரே சொன்ன கதை இது. ஏலத்தில் கலந்துகொள்ளப் போகிற ஒரு மரவியாபாரியைத் தேடிப் போனார். எவ்வளவு வரை கேட்கப் போகிறீர்கள் என்று விசாரித்தார். அதற்கு மேல் போனாலும் விடாதீர்கள், கூடுதல் தொகையை நான் தருகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனைதான். இன்னும் சில மாதம் மரத்தில் கை வைக்கக் கூடாது. அப்படியே நடந்தது. மரம் வியாபாரியின் பக்கம் விழுந்தது. மோனேயின் பையில் ஓட்டை விழுந்தது.

ஏலம் ஆகஸ்டில். அப்போது பாப்லர் இலை பச்சை. அன்று மரங்கள் சாய்ந்திருந்தால், அந்த வரிசையில் மஞ்சள் இலையே வந்திருக்காது. மோனே வாங்கியது ஓர் இலையுதிர்காலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏழு நிமிடம்

அப்படி என்ன அவசரம், என்ன அருமை அந்த வெளிச்சத்தில்? லில்லா கேபட் பெர்ரி என்ற அமெரிக்க ஓவியர் ழிவெர்னியில் மோனேக்கு அண்டை வீட்டுக்காரராக இருந்தவர். மோனே 1926-ல் இறந்தபின், 1927-ல் தம் நினைவுகளை எழுதி வெளியிட்டார். பாப்லர் படங்களைப் பற்றி அதில் ஒரு தகவல் வருகிறது. ஒரு படத்துக்கு வேண்டிய வெளிச்சம் வெறும் ஏழு நிமிடம்தான் நீடித்ததாம். குறிப்பிட்ட ஓர் இலையை விட்டு வெயில் விலகியதும் அந்தக் கான்வாஸை எடுத்துவிட்டு அடுத்ததை வைப்பாராம்.

ஏழு நிமிடத்தில் என்ன பெரிதாக மாறிவிடும் என்று எனக்கும் சந்தேகம் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ழிவெர்னி இருப்பது ஏறத்தாழ 49 டிகிரி வடக்கு அட்சரேகையில். அங்கே இலையுதிர்காலத்தில் சூரியன் சாய்வாக ஏறும். உதித்த புதிதில் ஏழு நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் அதிகமாக மேலே வரும். சூரிய வட்டத்தின் அகலமே அரை டிகிரிதான். அதாவது ஏழு நிமிடத்தில் சூரியன் தன் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல் ஏறிவிடுகிறது. விளிம்பில் எட்டிப் பார்க்கும் சூரியனுக்கு அது பெரிய பயணம்!

காலை வெயில் இலைக்கு என்ன செய்கிறது?

இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். (அறிவியல் மாணவர்கள் தவறு இருந்தால் திருத்தவும்.)

முதலில் இலை. குளிர் வரும்போது மரம் பச்சையத்தை உடைத்துச் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சை போனதும், இத்தனை நாள் அதன் அடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. அதாவது பாப்லரின் மஞ்சள் புதிதாகப் பூசிய நிறமல்ல, கோடை முழுவதும் உள்ளேயே இருந்த நிறம். மேப்பிள் போன்ற மரங்களின் சிவப்பு வேறு கதை. அந்தச் சிவப்பு நிறமி இலையுதிர்காலத்தில்தான் புதிதாக உண்டாகிறது.

இனி நேரம். விடியும் முன், மங்கலான வெளிச்சத்தில் அந்த மஞ்சள் மரம் மஞ்சளாகவே இருக்காது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். வெளிச்சம் குறைவாக இருக்கும்போது நம் கண் நீலத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. சிவப்பு கறுத்துப்போகும். செக் நாட்டு அறிவியலாளர் யான் புர்கின்யே 1825-ல் இதை விவரித்தார். விடிகாலை நேரத்தில் பூக்களைப் பார்த்துத்தான் அவர் இதைக் கவனித்தார் என்பார்கள். இன்றும் இதற்கு அவர் பெயர்தான்.

அடுத்து சூரியன் எட்டிப் பார்க்கிறது. அப்போது வெயில் காற்றுமண்டலத்தைக் குறுக்காகக் கடந்து வருகிறது. உச்சிவெயில் கடக்கும் காற்றைவிட 30 மடங்குக்கும் மேல் அதிகமான காற்றைக் கடக்க வேண்டும். வழியில் நீல ஒளி சிதறிப் போய்விடும். சிவப்பு ஒளியைவிட நீல ஒளி நான்கு மடங்குக்கு மேல் சிதறும் என்பது, லார்ட் ரேலே என்று பின்னாளில் பெயர் பெற்ற ஆங்கில அறிவியலாளர் 1871-ல் தந்த விதியிலிருந்து கிடைக்கும் கணக்கு. ஆக, மரத்தை வந்தடைவது பெரும்பாலும் சிவப்பும் ஆரஞ்சும்தான். மஞ்சள் இலை நீலத்தை விழுங்கி மற்றதைத் திருப்பி அனுப்பும் பொருள். வந்ததே ஆரஞ்சு வெளிச்சம் என்றால் திருப்பி அனுப்புவதும் ஆரஞ்சுதான். அதனால்தான் காலையில் அந்த மரம் தணல் மாதிரித் தெரிகிறது. சூரியன் ஏற ஏறத் தணல் பொன்னாகும், பொன் மஞ்சளாகும், மஞ்சள் வெளிறும்.

மூன்றாவதாக நிழல். வெயில் படாத பக்கத்துக்கும் வெளிச்சம் உண்டு, ஆனால் அது வானத்தின் நீல வெளிச்சம். ஒரே மரத்தின் ஒரு பக்கம் ஆரஞ்சு, மறுபக்கம் நீலம் கலந்த ஊதா. நம் கண் இதை இன்னும் மிகைப்படுத்தும். மிஷெல் யூஜின் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பாரிஸின் கோப்லின் நெசவாலையில் சாயப்பிரிவைக் கவனித்துவந்தவர். சில சாயங்கள் சரியாக ஏறவில்லை என்று புகார் வர, ஆராய்ந்து பார்த்தால் குறை சாயத்தில் இல்லை. பக்கத்தில் இருக்கும் நூலின் நிறம்தான் இதை மாற்றிக் காட்டியது! 1839-ல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். மஞ்சளுக்குப் பக்கத்தில் இருக்கும் சாம்பல் நிறம் ஊதா மாதிரித் தெரியும். இம்ப்ரெஷனிஸ்டுகள் நிழலை ஊதாவில் வரைந்தபோது, இவர்களுக்குக் கண்ணில் கோளாறு என்று விமர்சகர்கள் சிரித்தார்கள். கோளாறு கண்ணில் இல்லை. நிழல் என்றால் கறுப்பு என்று அதுவரை பழகிவைத்திருந்த பழக்கத்தில் இருந்தது.

இதையெல்லாம் வெட்டவெளியில், கரையிலும் படகிலும் உட்கார்ந்து வரைய முடிந்ததற்கு ஒரு வியாபாரப் பொருளும் காரணம். 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், அழுத்தினால் சாயம் வரும் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். பற்பசைக் குழாய்க்கு அண்ணன் அதுதான். அதற்கு முன்னால் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்து, ஊசியால் குத்திப் பிதுக்குவார்களாம். அதை வைத்துக்கொண்டு ஏழு நிமிடத்தில் என்ன வரைவது?

கொஞ்சம் கணக்குப் பதிவியல்

மோனே கொடுத்த கூடுதல் தொகையை அவருடைய குறிப்பேட்டில் எப்படிப் பதிவது? அன்று வகுப்பு முடிந்ததும் நண்பர்களோடு இதைத்தான் வாதிட்டுக்கொண்டிருந்தேன்.

சொத்து என்று எழுத முடியாது. மரம் வியாபாரியுடையது. கடன் கொடுத்தது என்றும் எழுத முடியாது, அது திரும்பி வராது. வாடகை என்றான் ஒருவன். அதுதான் ஓரளவு சரி என்று தோன்றியது. ஆனால் எதற்கு வாடகை? அவர் மரத்தில் ஏறவில்லை, நிழலில் கடை போடவில்லை, ஒரு கிளையைக்கூட ஒடிக்கவில்லை. மரம் சும்மா நிற்பதற்குக் கொடுத்த பணம் அது.

என் கருத்து இதுதான். அந்த மரவரிசைக்கு 1891-ல் இரண்டு விலை இருந்தது. வியாபாரி பார்த்தது மரத்தின் கன அளவை. அது காலையிலும் ஒன்றுதான், மாலையிலும் ஒன்றுதான். மோனே பார்த்தது ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் பொருளை. ஏலத்தில் முதல் விலையைக் கேட்க ஆள் இருந்தது. இரண்டாவது விலையைக் கேட்க ஒரே ஓர் ஆள், அதுவும் தற்செயலாக, கையில் பணத்தோடு இருந்தார். இதே ஏலம் கமீல் இறந்த 1879-ல் நடந்திருந்தால்? மோனே கரையில் நின்று மரம் சாய்வதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். கலை காசுக்கு அப்பாற்பட்டது என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படிக்க வேண்டும். அழகைப் பார்க்கத் தெரிந்த கண் மட்டும் போதவில்லை, அந்த ஆகஸ்டில் ரொக்கமும் வேண்டியிருந்தது.

பிறகு

இருபதுக்கும் மேற்பட்ட பாப்லர் படங்களை மோனே வரைந்தார். கோடைப் பச்சையில் சில, காற்றில் அலையும் மரங்களாகச் சில, அந்தியில் சில, இலையுதிர்கால மஞ்சளில் சில. 1892 மார்ச்சில் 15 பாப்லர்களை மட்டும் வைத்து துராண்ட்-ருயெல் தனியாக ஒரு கண்காட்சி நடத்தினார். ஒரே மரவரிசை சுவர் சுவராக! இன்று அவை நியூயார்க், பிலடெல்பியா, லண்டன், பாரிஸ், டோக்கியோ என்று ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கின்றன. மரங்கள் வியாபாரிக்கே போயின.

மோனே அத்தோடு விடவில்லை. 1896-லும் 1897-லும் ஸீன் நதியில் காலை நேரத்தை மட்டுமே வரைந்தார். 1897-ல் அவரைப் பார்க்கப் போன ஒரு பத்திரிகையாளர், அதிகாலை மூன்றரை மணிக்கே எழுந்து அவரோடு படகுக்குப் போனதாக எழுதியிருக்கிறார். ஒரே நேரத்தில் 14 கான்வாஸ்கள் நடந்துகொண்டிருந்தனவாம். எட்டு மணிக்கு முதல் வகுப்பு என்றாலே முணுமுணுக்கிற கூட்டம் நாம் :-(

வியாபாரம் என்று பார்த்தால், அந்தப் போர் வரிசைப் படங்களில் ஒன்று 2019 மே மாதம் நியூயார்க் ஏலத்தில் 11 கோடியே 7 லட்சம் டாலருக்குப் போனது. அதே படம் 1986-ல் 25 லட்சத்துச் சொச்சம் டாலருக்கு விற்றதுதான். வெட்டிய மரத்துக்கு இப்படி விலை ஏறாது.

இதைப் படித்து முடித்த மறுநாள், வழக்கமாகப் போகும் எட்டு மணிப் பேருந்தை விட்டுவிட்டு ஆறு மணி வண்டியில் ஏறினேன். நம் புளியமரம் இலையுதிர்கால மரமல்ல, மஞ்சளாகவும் மாறாது, தெரியும். ஆனாலும் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் எல்லாம் ஒரே கறுப்பு. வெயில் வந்ததும் கிழக்குப் பக்க மரங்களின் அடிமரம் செம்மண் நிறத்தில் பற்றிக்கொண்டது. பட்டையில் எழுதியிருந்த வெள்ளை எண்கூட ஆரஞ்சாகத் தெரிந்தது. இரண்டு வருஷமாக அதே சாலையில் போகிறேன், இதைப் பார்த்ததில்லை. பார்க்க ஆரம்பித்தபோது ஏலத் தேதி குறித்துவிட்டார்கள்.

ஏலத்தில் கேட்க என்னிடம் பணம் கிடையாது, வரையவும் தெரியாது. இப்போதைக்கு ஆறு மணி வண்டியில்தான் போய்க்கொண்டிருக்கிறேன். மரங்கள் இன்னும் நிற்கின்றன.

உங்கள் ஊரில் இப்படி எண் போட்ட மரங்கள் இருந்தால் சொல்லுங்கள். அப்படியே, மோனேயின் அந்தக் கூடுதல் தொகையை எந்தக் கணக்கில் பற்று வைக்கலாம் என்று வணிகவியல் நண்பர்கள் யாராவது சொன்னால், எங்கள் வகுப்புச் சண்டை முடிவுக்கு வரும்!